காலுக்கு வந்து சேர்கிற மருந்து

மார்ச் 4, செவ்வாய்

பாலிடெக்னிக் ரெக்கார்டு நோட்டில் பாதிக்கு மேல் காலி. இரண்டாம் வருஷத்தில் நான் நின்றேன், அதுவும் நின்றுவிட்டது. லேத் மிஷின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இதை எழுதுகிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. மொபைல் கடை வேலையையும் விட்டாயிற்று, வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை.

அம்மா இன்றும் உப்பளத்துக்குப் போகவில்லை. வலது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் புண். உப்புப் பாத்தியில் நிற்கிற எல்லாருக்கும் கால் வெடிக்கும், ஆறும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஆறவில்லை. வலியும் இல்லை. பாதம் மரத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. செருப்பு கழன்று விழுந்தால்கூட அவளுக்குத் தெரியாது, நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

மெடிக்கலில் போய் "கால் புண்ணுக்கு ரெண்டு செட்" என்றேன். மூன்று மாத்திரை, ஒரு சிவப்பு மஞ்சள் கேப்சூல், பேப்பரில் மடித்து ஒரு செட். மாத்திரையை அம்மா விழுங்கினாள். கேப்சூலை நான் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவினேன். எங்கள் அளத்தில் எல்லாரும் செய்கிறதுதான்.

"வயித்துக்குள்ள போற மருந்து காலுக்கு எப்பம்ல வந்து சேர? புண்ணு இருக்கிற எடத்துல போட்டாத்தான் கேக்கும்" என்பாள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. பேரிங்கில் சத்தம் வந்தால் பேரிங்கில்தான் கிரீஸ் வைப்போம். பெட்ரோல் டேங்கில் போட மாட்டோம்.

மார்ச் 6

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைத்தேன். அம்மா கால் வீக்கம் அப்படியே.

மார்ச் 8, சனி

காலையில் அம்மாவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கால் கட்டைப் பிரித்தால் நாற்றம். விரல் ஓரம் கறுத்திருந்தது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில்.

டாக்டர் பெயர் ஹில்டா. என்னைவிட ஐந்தாறு வயசு கூட இருக்கலாம். கண் சிவந்திருந்தது, தூங்கி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். கிருமி எலும்புப் பக்கம் போகிறதாம். மருந்து சீக்கிரம் பிடிக்காவிட்டால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டி வருமாம்.

நான், "சரி" என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி வாயில் வந்துவிட்டது.

பிறகு நிறையக் கேள்வி. ஆறு மாசமாக என்னென்ன மருந்து சாப்பிட்டாங்க? பேர் என்ன? சீட்டு இருக்கா? செட்டுக்கு ஏது பேர், ஏது சீட்டு. கலரைத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"எந்த மருந்தை இந்தக் கிருமி ஏற்கெனவே பார்த்துப் பழகிடுச்சுன்னு தெரிஞ்சாத்தான், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

புண்ணில் ஏதாவது போட்டீர்களா, மஞ்சள், சாம்பல், சுண்ணாம்பு, பச்சிலை என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். நாங்கள் அந்த மாதிரி ஆட்கள் கிடையாது.

நீளமான பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று அதில் தெரியுமாம். இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை குத்துமதிப்பாக ஒரு ஊசி.

மார்ச் 9, ஞாயிறு

பெண்கள் வார்டில் ஆம்பிளை நிற்கக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு விடுவார்கள், ஆறு மணிக்கு விரட்டுவார்கள். மற்ற நேரம் பக்கத்துக் கட்டில் பவளம் அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குக் கையில் கட்டி, வாய்க்கு ஒன்றும் இல்லை. நான் உள்ளே போனதும், "வந்துட்டாருய்யா கலெக்டரு. டிபன் பாக்ஸ எடுத்துட்டு வந்தீரா, இல்ல அதையும் பாதியில விட்டுட்டீரா?" என்றாள். அம்மா எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறாள்.

ஊசி போக ஒரு பச்சைக் கேப்சூலும் கொடுக்கிறார்கள். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் அம்மா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். காலையில் கொடுத்ததை எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி, வயிறும் இடுப்பும் குனிய விடாது, அவளால் காலைத் தொட முடியாது. விரல் பக்கம் மட்டும் கட்டை லேசாகத் தளர்த்தித் தூவிவிட்டு மறுபடி சுற்றினேன். நர்ஸைவிட நன்றாகவே சுற்றுகிறேன்.

காலிக் கூட்டைச் சேர்த்து மூடி கட்டில் பக்கத்துப் பெட்டிக்குள் போட்டேன். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

மெடிக்கல்காரர் பேரைச் சொல்ல மாட்டேன் என்றார். "ஆஸ்பத்திரியில எதுக்குக் கேக்காவ? கேஸ் கீஸ் ஆகுமா?" என்று மூன்று தரம் கேட்டார். அம்மா காலுக்காகத்தான் என்றேன். எந்த ஸ்டாக் வருகிறதோ அதைத்தான் செட்டில் போடுவாராம். போன மாசம் ஒன்று, இந்த மாசம் ஒன்று. அவருக்கே ஞாபகம் இல்லை. பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டால் அந்தப் பாத்தி போய்விடும். அதனால் காலையில் அளத்துக்கு நான் போனேன். வெள்ளை வெயிலில் கண் கூசுகிறது. உப்பு வாரி ஓரத்தில் ஏற்றுவதற்குள் குதிகால் இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்துச் சிரித்தார்கள். உப்பு வாருகிற பலகையை நான் பிடிக்கிறது துடைப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

கங்காணி செவத்தையா அண்ணாச்சி ஷெட்டில் ஒரு ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார். அதில்தான் எல்லாருக்கும் மருந்து. சிவப்பு மஞ்சள், பச்சை, கறுப்பு ரோஸ், வெள்ளை மாத்திரை, எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. பல்வலி என்றால் அதிலிருந்து ஒன்று. காய்ச்சல் என்றால் இரண்டு. அண்ணாச்சி நல்லவர்தான், சும்மாதான் கொடுக்கிறார். டாக்டருக்குக் காட்ட ஒவ்வொரு கலரிலும் ஒன்று கேட்டேன். அள்ளியே கொடுத்தார்.

என் குதிகாலுக்கும் ஒரு கேப்சூலைப் பிரித்துத் தூவிவிட்டார்.

சாயங்காலம் டாக்டர் எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுல இல்லாததுன்னு என்கிட்ட ஒண்ணு ரெண்டுதான் இருக்கு" என்றார்.

மார்ச் 12, புதன்

லேப் ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் வளரவில்லை.

எனக்குச் சந்தோஷம். கிருமி இல்லை என்றால் நல்லதுதானே? டாக்டருக்கு ஏன் முகம் அப்படிப் போனது என்று புரியவில்லை. "தட்டுல எதுவும் வளரலை. கால்ல வளருது. நான் எதை நம்புறது?" என்றார், என்னிடம் இல்லை, தாளிடம். காலில் சிவப்பு அரை அடி மேலே ஏறியிருந்தது. ஊசியை மாற்றினார். இதுவும் குத்துமதிப்புதான் என்று அவரே சொன்னார். மறுபடி பஞ்சுக் குச்சி.

அம்மாவுக்கு மதியம் சோறு இறங்கவில்லை. பச்சைக் கேப்சூல் தூவியாயிற்று.

மார்ச் 13

என் குதிகால் ஆறிவிட்டது. தோல் மூடி, அழுத்தினால்கூட வலி இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?

மார்ச் 15, சனி

இரண்டாவது ரிப்போர்ட்டும் அதே. வளரவில்லை.

திங்கட்கிழமை பெரிய சர்ஜன் வருகிறாராம். முட்டிக்குக் கீழே. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு இருப்பது நான் ஒருத்தன்.

அம்மா அழவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒத்தக் கால வச்சிக்கிட்டு வரப்புல எப்பிடில நிக்க?" என்றாள். அம்மா இரண்டு கேப்சூல் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டையும் பிரித்து, இடுக்கு விடாமல் நிறையத் தூவினேன். ரெண்டு நாள்தான் இருக்கிறது, பிடிக்கிற மருந்து பிடிக்கட்டும் என்று.

மார்ச் 16, ஞாயிறு

லேபுக்குச் சண்டை போடப் போனேன். ஜன்னல் வழியாகத்தான் பேச முடியும். உள்ளே இருந்த அக்கா பேர் எஸ்தர் என்று கார்டில் இருந்தது. எங்க அம்மா கால் அழுகுது, உங்க மிஷினில் ஒண்ணும் வளரலைன்னா மிஷின்தானே ஓட்டை என்று கத்தினேன். அவளும் கத்தினாள். மிஷினே கிடையாது, தட்டுதான், தட்டு நல்லாத்தான் இருக்கு என்று வேறு யாருடையதோ ஒரு கண்ணாடித் தட்டைத் தூக்கி ஜன்னலில் காட்டினாள்.

தட்டு முழுக்க வெள்ளையாய்க் கஞ்சி ஆடை படிந்த மாதிரி. அதுதான் கிருமியாம். நடுநடுவே பொட்டு சைஸில் பேப்பர். சில பொட்டைச் சுற்றி மட்டும் வட்டமாகச் சுத்தமான இடம்.

"பேப்பர்ல மருந்து இருக்கு. மருந்து கேக்கிற எடத்துல கிருமி வளராது. போதுமா? போங்க."

நன்றி என்று சொன்னேனா இல்லையா, ஞாபகம் இல்லை.

அங்கிருந்து நடந்தே கடற்கரை வரைக்கும் போனேன். ஒரு கரும்புச் சாறு குடித்தேன். இரண்டு பையன்கள் மணலில் பைக்கை இறக்கிச் சக்கரம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். தள்ளிவிட்டேன். மறுபடி மாட்டியது, மறுபடி தள்ளினேன். வெயில்.

நாலு மணிக்கு அம்மா தலையணைக்கு அடியிலிருந்து கேப்சூலை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். காலடியில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்கிற மாதிரி அவிழ்த்து, சுற்றுகிற மாதிரி சுற்றினேன்.

"போட்டியால?"

"போட்டாச்சும்மா."

மரத்துப்போன கால். அவளுக்குத் தெரியாது.

மார்ச் 17, திங்கள்

சர்ஜன் பதினோரு மணிக்கு என்றார்கள். ஒன்பது மணிக்கே ஹில்டா டாக்டரை வராந்தாவில் பிடித்தேன். மறுபடி ஒரு தரம் சீழ் எடுங்க என்றேன். அவர் நின்றுகூடக் கேட்கவில்லை. ரெண்டு தரம் எடுத்தாச்சு, நேரம் இல்லை, அம்மா உயிரைப் பாருங்க என்றார். பின்னாலேயே போனேன். மாடிப்படி பாதியில் சொன்னேன். புண்ணில் கேப்சூல் பொடி இருக்கு டாக்டர். தினமும் விழுந்துக்கிட்டு இருக்கு. குச்சியோட அதுவும் தட்டுக்குப் போயிருக்கும், அந்தப் பேப்பர்ல இருக்கிற மருந்து மாதிரி.

நின்றார். "எத்தனை நாளா?"

"வர்றதுக்கு முந்தியிருந்தே."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. படி இறங்கி நேராக வார்டுக்குப் போனார், நான் ஆம்பிளை என்று யாரும் தடுக்கவில்லை. கட்டைப் பிரித்து டார்ச் அடித்து விரலை விலக்கினார். இடுக்கில் பொடி கெட்டியாக, ஈர மாவு மாதிரி அப்பியிருந்தது. சீழ் என்றே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

"யாரும்மா இதைப் போட்டது?"

எனக்கு வாய் திறந்தது. அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"நாந்தாம்மா."

"நீங்களா? எப்படிக் குனிஞ்சீங்க?"

"குனிஞ்சேன்."

டாக்டர் அவள் கையில் இருந்த டிரிப்ஸ் ஊசியைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பவளம் அக்கா போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், சலைன் கொண்டு வாங்க. நிறைய" என்றார் டாக்டர்.

கழுவினார்கள். கழுவிக்கொண்டே இருந்தார்கள். சர்ஜன் வந்தார், இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். அவர் கோபமாகப் பேசினார், டாக்டர் பதில் பேசினார். கடைசியில் சர்ஜன் கறுத்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, காலை அப்படியே விட்டார். நாளை ஆழத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பி, அது சொல்கிற வரைக்கும் பார்ப்பார்களாம். அதற்குள் காய்ச்சல் மேலே போனால் கேள்வியே இல்லை, எடுத்துவிடுவார்கள்.

நான் செய்தது நல்லதா? ஒரு நாள் லேட்டாகச் சொன்னது எதில் சேரும்? நேற்றே சொல்லியிருக்கலாம். பைக் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18

துண்டு எடுத்தார்கள். துணி துவைத்தேன். சட்டைப் பையில் கேப்சூல் கரைந்து பச்சையாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

மார்ச் 19

காய்ச்சல் இருக்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

வளர்ந்திருக்கிறது.

போன வாரம் வளரவில்லை என்றதற்குச் சந்தோஷப்பட்டேன். இன்று வளர்ந்தது என்றதும் டாக்டர் முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு எதற்குச் சிரிக்கணும், எதற்கு அழணும் என்பதே குழம்பிவிட்டது.

தாளில் வரிசையாக மருந்துப் பேர், எதிரே 'ஆர்'. ஆர் என்றால் கேட்காது. ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போகிறது. இதுவரை போட்ட இரண்டு ஊசியும் ஆர். பச்சைக் கேப்சூலும் ஆர்; பொடியாய் அப்பினால் தட்டில் வளர விடாமல் அடக்குமாம், உடம்பில் சேர்கிற அளவுக்குக் கேட்காதாம். 'எஸ்' என்றால் கேட்கும், அது மூன்றே இடத்தில்.

டாக்டர் ஸ்டூலை இழுத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஒன்று பூட்டி வைக்கிற ஊசி, ஸ்டோரில் தீர்ந்துவிட்டது, கேட்டு எழுதியிருக்கிறார், எப்போது வரும் என்று தெரியாது. ஒன்று பழைய கேப்சூல், இப்போது இருக்கிற ஆழத்துக்கு அது மட்டும் போதாது, பின்னால் உதவும். இன்னொன்று அமிகாசின், இப்பவே கையில் இருக்கிறது, கிருமியைப் பிடிக்கும். ஆனால் கிட்னியைக் கெடுக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்குக் கிட்னி ஏற்கெனவே பலம் இல்லை.

"நான் பார்த்துப் பார்த்துத்தான் போடுவேன். தினமும் ரத்தம் எடுப்பேன். கிட்னி கெடுதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவேன். நிறுத்தினா கால் போகும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன்.

"நீங்க என்ன செய்வீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"எங்க அம்மாவா இருந்தாலும் இதைத்தான் போடுவேன். ஆனா காலையில வந்ததும் முதல்ல கிட்னி நம்பரைத்தான் பார்ப்பேன்."

போடச் சொன்னோம்.

மார்ச் 21

கங்காணி அண்ணாச்சிக்கு போன் செய்து இன்று வரவில்லை என்றேன். பாத்தியை ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜாடி மருந்தை யாருக்கும் கொடுக்காதீங்க என்றேன். "அப்ப கால் வெடிச்சா என்ன செய்யச் சொல்லுத? ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கூலி நீ குடுப்பியா?" என்றார்.

மார்ச் 23

சிவப்பு ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கிறது. ஒருவேளை என் கண்ணுக்கு அப்படியோ என்று பவளம் அக்காவைக் கேட்டேன். "எறங்கிருக்குவே" என்றாள். கிட்னி நம்பர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் ஒரு வேளை ஊசியைத் தள்ளிப் போட்டார்.

மார்ச் 25

நம்பர் நின்றுவிட்டது. ஏறவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் பக்கத்து விரலும். கால் இருக்கிறது.

அம்மா மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, "செருப்பு நிக்குமால?" என்பதுதான். வார் வைத்த செருப்பு வாங்குவோம் என்றேன்.

டாக்டர் வெளியே வந்தபோது நான் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அன்னைக்கு எங்கம்மா சொன்னது என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "உங்க அம்மா சொன்னதைத்தான் நான் கேஸ் ஷீட்ல எழுதியிருக்கேன். நீங்க கட்டு நல்லாக் கட்டுறீங்கன்னு சிஸ்டர் சொல்றாங்க. வீட்டுக்குப் போனா நீங்கதான் தினமும் மாத்தணும்" என்றார். போய்விட்டார். இது திட்டா, பாராட்டா?

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிட்னிக்கு மாசம் ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பவளம் அக்கா கிளம்பும்போது என் கையில் ஒரு ஆரஞ்சைத் திணித்து, படிச்சு முடிச்சிரும்வே என்றாள். எதை என்று சொல்லவில்லை.

அளத்திலிருந்து நாலு பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி குதிகாலில் துணி சுற்றியிருந்தாள். அம்மா காலைவிட அவள் காலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கழுவிவிட்டேன். தூவ ஏதாவது இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். திங்கட்கிழமை பார்ப்போம் என்றாள். போக மாட்டாள்.

எல்லாரும் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்ன?

"எப்பிடி?"

"நீதான் போட்டதா டாக்டர்கிட்ட."

"நீன்னு சொன்னா ஒன்ன வார்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாவ. அப்பறம் எனக்கு டீ யாரு வாங்கித் தர?" என்றாள்.

அவ்வளவுதானா, வேறு இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் கட்டு மாற்றினேன். எஸ் என்று வந்த அந்தப் பழைய கேப்சூலைத்தான் இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெறும் வெள்ளை, கலர் கிடையாது. அம்மா அதை விரலில் உருட்டிப் பார்த்தாள். பிரிக்கப் போகிறாளோ என்று பயந்தேன். வாயில் போட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து காட்டு என்றேன். நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டி, வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது வந்து சேரும் என்பது போல. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.